கோப்பிக்கு ஒரு செம்புத் தண்ணீர்

மலேசியாவில் கிள்ளானில் இருக்கிற உங்களுக்கு இதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. இங்கே திருநெல்வேலியில், வண்ணார்பேட்டையின் பின்பக்கத் தெரு ஒன்றில், விடியுமுன் நான் கேட்கிற முதல் சத்தம் தண்ணீருடையது. வாளியிலிருந்து கையால் அள்ளி வீசும் தண்ணீர் சிமெண்டுத் தரையில் சளப், சளப் என்று விழும். முதலில் எங்கள் வீடு, பிறகு எதிர்வீடு, பிறகு முக்குக் கடை அண்ணாச்சியின் வீடு. பெண்கள் வாசலைத் தெளித்து, அந்த ஈரம் காயுமுன் குனிந்து கோலம் போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். மெயின் ரோட்டில் பஸ்கள் ஆரன் அடிக்கத் தொடங்கும்போது தெருவே குளித்து முடித்திருக்கும். நமக்குக் கோலம் என்றால் தீபாவளிக்குப் பேரங்காடியின் நடுக்கூடத்தில் கயிறு கட்டி வைத்திருக்கும் வண்ண அரிசிதானே? தொடக்கூடாது, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். இங்கே தினமும் போடுகிறார்கள், தினமும் மிதிபடுகிறது, மறுநாள் ஒரு வருத்தமும் இல்லாமல் மறுபடி போடுகிறார்கள். வந்த புதிதில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே நிற்பேன்.

அந்தக் கோலத்தின் மேல்தான் என் நாய் மூத்திரம் போனது.

வந்த மறுநாள் காலை அது. என் மாமியார், நான் அத்தை என்றே கூப்பிடுகிறேன், வெளிநாட்டு மருமகள் வந்திருக்கிறாள் என்று அன்றைக்குப் பெரிய சிக்குக் கோலமாகப் போட்டார். புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி வளைந்து போகிற ஒரே இழை, எங்கே தொடங்கியதோ அங்கேயே வந்து சேர்ந்தது. நடுவில் ஒரு தடவைகூட அவர் நின்று யோசிக்கவில்லை. நிமிர்ந்து இடுப்பில் கை வைத்து அவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து என் கோப்பி வந்தது. ஒன்பது வயது ஷீட்சூ ஜாதி நாய், சின்னத் தலையணை அளவுதான் இருக்கும். அவசரமே இல்லாமல் படியிறங்கி, கோலத்தின் நட்டநடுவுக்குப் போய், சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, உட்கார்ந்து வேலையை முடித்தது. முடித்துவிட்டு முகத்தைத் தூக்கி என்னைப் பார்த்தது. எப்படிப் பார்த்தது என்கிறீர்கள்? பள்ளியில் பரிசு வாங்க மேடையேறிய பிள்ளை மாதிரி பார்த்தது. எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது.

கோப்பி என் அப்பாவின் நாய். அப்பா கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு தனிமை தாங்காமல் இதைக் குட்டியாக வாங்கி வந்தார். அப்பாவும் போனபோது கோப்பி எங்கள் பொறுப்பானது. என் கணவர் கணேசன் இந்த ஊர்க்காரர், கிள்ளானில் வேலை பார்த்தபோது என்னைக் கல்யாணம் செய்தவர், ஒரே பிள்ளை. மாமனார் இறந்து அத்தை தனியாக இருக்கிறார் என்றதும் எங்களுக்குத் திரும்புவதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை. திரும்புவது என்பது அவருக்குத்தான், எனக்கு அது புறப்பாடு. எனக்கு இங்கே யாரையும் தெரியாது. என் பேச்சைக் கேட்டு ஆட்டோக்காரர் சிலோனா என்று கேட்டார். அந்த ஊரிலிருந்து என்னோடு வந்த, என்னை அப்பாவின் மகளாகத் தெரிந்த ஒரே உயிர் கோப்பிதான். அதனால்தான் இந்த மூத்திரக் கதையை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அத்தை நாயை வெறுப்பவர் அல்ல. மதியம் மிஞ்சுகிற சோற்றைத் தெரு நாய்களுக்குப் பின்வாசலில் வைத்துவிட்டுத்தான் பாத்திரம் கழுவுவார். ஆனால் இந்தக் காரியம் ஒரு நாளோடு நிற்கவில்லை. தினமும் அத்தை தெளிப்பார், கோலம் போடுவார், கோப்பி வந்து காத்திருந்ததுபோல் அதில் உட்காரும். பகலில் வீட்டைத் துடைத்த கையோடு கூடத்தில் ஒரு தடவை. வெள்ளிக்கிழமை சாமி அறையைக் கழுவிவிட்டால் அங்கேயும் ஒரு தடவை. பிள்ளையார் முன்னால் அது உட்கார்ந்த அன்றைக்கு அத்தை என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஏளா, நாய்க்குச் சோறு போடமாட்டேம்னு நான் சொல்லல. ஆனா வாசல்ல மோளுத நாய வீட்டுக்குள்ள வச்சா லெட்சுமி எப்படி வருவா? பொங்கலுக்கு அங்கனதான பானை வைக்கணும்லா? அதுக்குள்ள இத வழிக்குக் கொண்டா. இல்லேன்னா பாபநாசத்துல எந் தம்பி வீட்டுல விட்டுருவோம்."

இவர்களும் நம்மைப் போலவே பேச்சின் முடிவில் லா போடுவார்கள். வந்த முதல் வாரத்தில் அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது, நம் ஆட்கள் என்று நினைத்தேன். அன்றைக்கு அந்த லா எனக்கு இனிக்கவில்லை. பாபநாசம் என்றால் மலையடிவாரம். அங்கே ராத்திரியில் சிறுத்தை இறங்கும், இறங்கினால் முதலில் நாயைத்தான் தூக்கும் என்று கணேசனே ஒருமுறை சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். அந்தச் சிரிப்பை நினைத்து அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. வளர்ந்த நாய் வீட்டுக்குள் அசுத்தம் செய்தால் என்ன செய்யவேண்டும் என்று இணையத்தில் இருந்ததையெல்லாம் படித்தேன். நேரம் வைத்து வெளியே கூட்டிப்போ என்றார்கள். போனேன். தெரு நாய்கள் கூடி நின்று குரைத்தன, கோப்பி மணலில் கால் வைக்காமல் என் காலைச் சுற்றியே நின்றது. வீடு திரும்பியதும் அத்தை அப்போதுதான் துடைத்த இடமாகப் பார்த்துப் போனது. குளியலறையைக் காட்டிக் கொடுக்கலாம் என்று நினைத்தேன், கிள்ளானில் அது குளியலறையில்தானே போகும்! இங்கே குளியலறை பின்முற்றத்தில் தனியாக இருக்கிறது, பூச்சி பொட்டு வரும் என்று கதவைத் தாழ் போட்டே வைப்பார்கள். ஒரு மத்தியானம் திறந்து உள்ளே விட்டேன். இந்த ஊர் வெயிலில் தரை வறவறவென்று காய்ந்து கிடந்தது. கோப்பி எட்டிப் பார்த்தது, மோந்தது, இது எனக்குச் சம்பந்தமில்லாத இடம் என்பதுபோல் திரும்பி வந்துவிட்டது. வயதாகிப் பழகியதெல்லாம் மறந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். பழைய வாடை இருந்தால் அதே இடத்தில் திரும்பப் போகும், வாடை தெரியாமல் கழுவு என்றும் படித்திருந்தேன். ஆகவே கழுவினேன். கழுவு கழுவென்று கழுவினேன். வினிகர் ஊற்றி, வாளி வாளியாகத் தண்ணீர் விட்டு, அது போன இடத்தையெல்லாம் காலையும் மாலையும் தேய்த்துக் கழுவினேன். அத்தை தன் பங்குக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தார். நாங்கள் கழுவக் கழுவ அது போகப் போக, வீட்டில் இரண்டு பெண்களும் நாள் முழுக்க வாளியும் கையுமாக அலைந்தோம்.

பாளையங்கோட்டையில் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். சிறுநீரகம், சர்க்கரை எல்லாம் பரிசோதித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். முன்னே எங்கே போய்ப் பழக்கம் என்று கேட்டார். எங்கள் ஊரில் குளியலறையில்தான் போகும், சொன்னால் போய்விட்டு வந்துவிடும் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "கோப்பைலயா உக்காரும்?" என்றார். இல்லை, தரையில் என்றேன். அவர் தலையாட்டிய தினுசிலேயே அவர் நம்பியது கோப்பையைத்தான் என்று தெரிந்தது. நாங்கள் வெளியே வரும்போது, மலேசியாவில் நாய் வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்காருமாம் என்று அவர் உதவியாளரிடம் சொல்வது காதில் விழுந்தது. மறுநாளே முக்குக் கடை அண்ணாச்சி, தண்ணியும் அதுவே ஊத்திக்கிடுமா என்று கேட்டார். இந்த ஊரில் செய்தி எந்த பஸ்ஸில் ஏறி எங்கே இறங்குகிறது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்து கார்த்திகை வரை நீண்டது. வாசலும் பக்கச் சந்தும் பின்முற்றமும் சொதசொதவென்று கிடந்தன, அத்தை தெளிப்பதை நிறுத்திவிட்டார். அந்த நாட்களில் கோப்பி வீட்டுக்குள் ஒரு சொட்டு விடவில்லை. பின்கதவைத் திறந்தால் தானே போய் முற்றத்தில் முடித்துவிட்டு வந்தது. "திருந்திட்டு பாத்தியா" என்று கணேசன் தெருவெல்லாம் சொன்னார். எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. ஒரு நாள் அத்தைகூட ஒரு துண்டு இட்லியைச் சாம்பாரில் நனைக்காமல் தனியாக எடுத்து அதற்குப் போட்டார். மழை ஏன் திருத்தியது என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மழை ஓய்ந்து மார்கழி பிறந்தது. மார்கழியில் இந்தத் தெருவை நீங்கள் பார்க்கவேண்டும். கோவிலில் பாட்டுப் போட்டதுமே எல்லா வீட்டிலும் விளக்கு எரியும், ஒவ்வொரு வாசலிலும் ஒரு பெண் குனிந்திருப்பாள், கோலங்கள் வாசலில் அடங்காமல் தெருவுக்கு வழியும். முதல் நாள் அத்தை போட்டது ஒரு தேர். சக்கரம், குதிரை, கலசம் எல்லாம் இருந்தது, நடுவில் சாணிப் பிள்ளையார் வைத்து அதில் பூசணிப் பூ. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கோப்பியும் பார்த்தது. பிறகு படியிறங்கித் தேரில் ஏறியது. அத்தை கத்தியிருந்தால் தேவலை. நேராக உள்ளே போய்த் தம்பிக்கு போன் போட்டார்.

பாபநாசத்துக்குப் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மூவரையும் அத்தை கிளப்பினார். அன்று காலை கோப்பியை நான் அறையிலிருந்து அப்படியே தூக்கிக் காரில் ஏற்றிவிட்டேன், கோலமாவது தப்பிக்கட்டும் என்று. அம்பாசமுத்திரம் தாண்டியதும் மலை எதிரில் வந்து நின்றது. நம் ஊரிலும் மலை இருக்கிறது, ஆனால் இப்படிச் சமவெளியில் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று பாதி வானத்தை எடுத்துக்கொண்டு நிற்கும் மலையை நான் பார்த்ததில்லை. வயலும் வாய்க்காலுமாக, கண் போன இடமெல்லாம் தண்ணீர் மினுங்கியது. இவ்வளவையும் ஒரே ஆறு கொடுக்கிறதா என்று கணேசனைக் கேட்டேன். ஆமாம் என்று சாதாரணமாகச் சொன்னார். பிறந்ததிலிருந்து குடிப்பவருக்கு அது சாதாரணம்தான்.

அத்தையின் தம்பியை நான் மாமா என்கிறேன். நல்ல மனிதர். வீட்டைச் சுற்றி மாவும் எலுமிச்சையுமாகத் தோட்டம், மணலும் சருகும் புல்லும் எல்லாம் உண்டு, ஒரு நாய்க்கு வேறென்ன வேண்டும்? கோப்பியை இறக்கிவிட்டேன். விடியலிலிருந்து அது போகவில்லை. தோட்டம் முழுக்கச் சுற்றியது, முனகியது, மறுபடி என்னிடம் வந்தது, ஒரு இடத்திலும் உட்காரவில்லை. மாமா கொல்லையில் தான் செய்துவைத்திருந்த கம்பிக் கூண்டைக் காட்டினார். நல்ல கனமான கம்பி. எதற்கு இவ்வளவு கனம் என்று கேட்டேன், தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"பயப்படாத தாயி. போன மாசம் எங்க நாய் கருப்பன சிறுத்தை தூக்கிட்டு. அது கட்டிப் போட்டுக் கெடந்தது, அதான். இத ராத்திரி கூண்டுல அடைச்சிருவேன்."

ஒன்பது வருடம் கட்டிலின் கால்மாட்டில் படுத்த நாய் இது. நான் அத்தையைப் பார்த்தேன். கருப்பன் போன விஷயம் அவருக்கும் புதிது போலிருந்தது, என் கண்ணைப் பார்க்காமல் எலுமிச்சைச் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பும் வழியில், பாபநாசம் கோவிலுக்கு எதிரே உள்ள படித்துறையில் ஒரு முங்கு போட்டுவிட்டு வருகிறேன் என்றார் அத்தை. நானும் கோப்பியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். தாமிரபரணி மலையை விட்டு இறங்கி முதன்முதலாகத் தரையில் கால் வைக்கும் இடம் அது. பாறைகளுக்கு நடுவே அது திரும்பி வருகிற வேகத்தையும் சத்தத்தையும் பார்த்து எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. அணையின் இரைச்சல், மலையின் நிழல், மாலை போட்ட சாமிமார்கள் கருப்பு வேட்டியோடு மூழ்கி எழுகிறார்கள், படிக்கட்டு நெடுக ஈரம். கும்பிடவேண்டும் என்று தோன்றியது. கும்பிடக் கை வேண்டுமே என்று கோப்பியைக் கீழே விட்டேன்.

விட்டதும் அது ஓடியது. நனைந்து பளபளத்த கருங்கல் படியில் நேராகப் போய் உட்கார்ந்தது. விடியலிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் அங்கே போனது. முகத்தைத் தூக்கி என்னைப் பார்த்தது, அதே பரிசு வாங்கும் பார்வை. "சாமி, நாயப் புடிங்க சாமி" என்று ஒருவர் கத்தினார். அத்தை பதறிப்போய் ஆற்றிலிருந்து இரண்டு கையாலும் தண்ணீர் அள்ளி அந்தப் படியில் வீசினார். கோப்பி நகர்ந்து நின்று, புதிதாக நனைந்த இடத்தைப் பார்த்தது. போய் அதில் உட்கார்ந்தது. உள்ளே ஒன்றும் மிச்சமில்லை, ஆனாலும் கடமைக்கு உட்கார்ந்து, எழுந்து, மறுபடி என்னைப் பார்த்தது. அத்தை பக்கத்துப் படியில் வீசினார். அது பக்கத்துப் படிக்குப் போனது.

அத்தையின் கை பாதியில் நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "ஏளா, இது ஈரத்தக் கண்டா மோளுது" என்றார்.

ஐயோ, அப்பா! எனக்கு அந்த இடத்திலேயே கிள்ளான் வீட்டுக் குளியலறை கண்ணில் வந்தது. எங்கள் அடுக்குமாடியில் எங்கள் தளத்தில் பாதிப் பேர் மலாய்க்காரர்கள். எதிர்வீட்டு மக்சிக், அந்த முஸ்லிம் அம்மாவுக்கு, நாய் மேலே படக்கூடாது, பட்டால் மண்ணும் தண்ணீரும் கொண்டு ஏழு தடவை கழுவவேண்டும். ஒரே மின்தூக்கிதான். தினம் நாலு தடவை நாயை ஏற்றி இறக்கி அந்தம்மாவை ஏன் சங்கடப்படுத்தவேண்டும் என்று அப்பா குட்டியிலேயே முடிவு செய்தார். குளியலறைக் குழாயைத் திறந்து தரையை நன்றாக நனைப்பார். கோப்பியைத் தூக்கி அந்த ஈரத்தில் விடுவார். "மொதலாளி, வேலைய முடிங்க" என்பார், துறைமுகத்துச் சீன முதலாளி, தவுக்கேயிடம் பேசுகிற அதே பணிவோடு. அது முடித்ததும் குனிந்து இரண்டு காதையும் பிடித்து ஆட்டிப் பாராட்டுவார், பிறகு தரையைக் கழுவிவிடுவார். அந்த ஊரின் புழுக்கத்தில் எங்கள் குளியலறைத் தரை காய்ந்து நான் பார்த்ததே இல்லை. நான் தரையையும் அதில் பதித்த ஓடுகளையும்தான் பார்த்தேன், நாய் பார்த்தது ஈரத்தை. நனைந்திருந்தால் அது உன் இடம், காய்ந்திருந்தால் மனிதர்களின் இடம் என்று அப்பா சொல்லிக்கொடுத்தார், அவ்வளவுதான். அதைக் கடல் தாண்டியும், அப்பா போன பிறகும், ஒரு நாள்கூடப் பிசகாமல் அது கடைப்பிடித்திருக்கிறது. காலையில் அத்தை தண்ணீர் தெளிக்கும்போது அது என்ன நினைத்திருக்கும்? இந்தப் புது ஊரில் எனக்காக ஒருவர் விடியுமுன் எழுந்து இவ்வளவு பெரிய இடத்தை நனைத்து, அலங்காரமும் பண்ணிவைக்கிறார் என்று நினைத்திருக்கும். நாங்கள் இரண்டு பேரும் கழுவக் கழுவ அதற்கு வீடெல்லாம் அழைப்பு வைத்திருக்கிறோம். அங்கே ஒருவரைச் சங்கடப்படுத்தாமல் இருக்கப் பழகிய மரியாதைதான் இங்கே அவமரியாதை ஆகிவிட்டது. எதிரே அவ்வளவு பெரிய ஆறு, அதன் பக்கத்தில் இந்தச் சின்ன மண்டைக்குள் இருக்கும் நினைவு, எதைப் பார்த்து வியப்பது என்று தெரியாமல் படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஈரச் சேலையோடு அத்தை பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். அப்பா அதை என்ன சொல்லிக் கூப்பிடுவார் என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

காரில் திரும்பினோம். கல்லிடைக்குறிச்சி தாண்டிய பிறகு அத்தை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "ஒருத்தர் ஒருக்கா சொன்னத இத்தன வருசமா மறக்காம இருக்கு. எம் மவன் நேத்து சொன்னத இன்னைக்கு மறந்திருதான்" என்றார். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மகன் கியரை மாற்றினார்.

ஆனால் பிரச்சினை தீரவில்லையே. காரணம் தெரிந்துவிட்டால் கோலம் தப்பிவிடுமா? வீட்டுக்கு வந்ததும் மறுபடி படித்தேன். தரையை மாற்றிப் பழக்க வழி இருந்தது. ஈரத்தை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்து, பைய மணலுக்கு மாற்றவேண்டும், மாதக்கணக்கில் ஆகும். அத்தையிடம் இதைச் சொல்லப்போனேன். பழசை மறக்கவைத்துவிட்டுத்தான் புதிதைப் பழக்கவேண்டுமாம் என்று சொன்னேன். அப்பாவின் குரலை நான் எங்கேயும் பதிந்து வைக்கவில்லை. அவர் சட்டைகளைக் கொடுத்துவிட்டோம், வீட்டை விற்றுவிட்டோம். அவர் கையால் செய்தது, இன்னும் அன்றாடம் நடப்பது, இது ஒன்றுதான். அதைத் துடைத்தால்தான் நாய் மிஞ்சும், துடைக்காவிட்டால் சிறுத்தை. அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல், பொங்கல் வரட்டும் பாப்போம் என்று மட்டும் சொன்னார்.

பொங்கலுக்கு முந்தின நாள் மாமா அக்காவுக்குப் பொங்கல்படி கொண்டுவந்தார். கரும்புக் கட்டு, மஞ்சள் குலை, பனங்கிழங்கு, பச்சரிசி எல்லாம் லோடு ஆட்டோவில் வந்தது. அவற்றுக்குப் பின்னால் அந்தக் கூண்டும் வந்தது. மாமா அதை இறக்கிப் பக்கச் சந்தில் வைத்தார். அத்தை பார்த்தார், வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் கோப்பிக்குத் தலைவாரிவிட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மறுநாள் விடியலில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. சளப் என்று வீசும் சத்தம் அல்ல, சாய்த்து ஊற்றும் சத்தம். அதுவும் வாசல் பக்கமிருந்து வரவில்லை. எழுந்து வந்தேன். வாசல் ஏற்கெனவே தெளித்து, காவி பூசி, கோலம் போட்டு, பானையும் பனையோலையும் காத்துக்கொண்டிருந்தன. அத்தை பக்கச் சந்தில், துவைக்கிற கல்லுக்கு அந்தப்புறம், கூண்டை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டுச் செம்பிலிருந்து தண்ணீரைச் சிமெண்டில் வட்டமாக ஊற்றிக்கொண்டிருந்தார். கோப்பி வாசற்படியில் நின்றது. முன்னால் ஒரு ஈரம், பக்கத்தில் ஒரு ஈரம். முன்னால் இருந்தது பெரியது, அலங்காரமானது, பழகியது. அது ஒரு காலை முன்னால் வைத்தது.

"மொதலாளி" என்றார் அத்தை. கோப்பியின் காதுகள் நிமிர்ந்தன. அப்பா போன பிறகு அந்த வார்த்தையை அதனிடம் யாரும் சொன்னதில்லை, நான்கூடச் சொன்னதில்லை. "இங்கன வாரும். மொதலாளி, வேலைய முடியும் வே."

இந்த ஊரில் ஒரு ஆண்பிள்ளையிடம் பேசும் மரியாதையில், என் அப்பாவின் வாக்கியம். கோப்பி வைத்த காலை எடுத்தது. திரும்பியது. சந்துக்குள் போய் அந்தச் செம்புத் தண்ணீரின் நடுவில் உட்கார்ந்தது. மாமா பல்குச்சியோடு நின்று இதைப் பார்த்தார், பார்த்துவிட்டுக் கூண்டை எடுத்துப்போய்ப் பின்முற்றத்தில் போட்டார். இப்போது அதில் அத்தை விறகு அடுக்கி வைத்திருக்கிறார். தினமும் விடியலில் இரண்டு தடவை தண்ணீர் விழுகிறது, முதலில் சந்தில், பிறகு வாசலில்.

அன்று வேலையை முடித்ததும் கோப்பி வழக்கம்போல் முகத்தைத் தூக்கியது. காதைப் பிடித்து ஆட்டவேண்டும் என்று நான் அத்தையிடம் சொல்லவில்லை. செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அவர் ஒருபுறம் நின்றார், மறுபுறம் படியில் நான் நின்றேன். அது அவரைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, மறுபடி அவரைப் பார்த்தது. இரண்டு ஈரத்துக்கும் நடுவில் இருந்த காய்ந்த தரையில் வந்து, எந்தப் பக்கம் வருவது என்று தெரியாமல், வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.